சொந்த விருப்பத்தின் பேரில்

மங்காஃப். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே
ஆள் அனுப்பும் அலுவலகத்தின் பின்னறை.
ஏசி எலும்பில் இறங்கியது.
நாற்காலி நுனியில் கொம்பையா,
லாண்டரி வேன் ஓட்டுகிறவன், விரலில் ப்ளீச் வாசம்.
நடுவில் நான்.
அரபியில் வருவதைத் தமிழில் ஊற்றி
தமிழில் வருவதை அரபியில் ஊற்றும் கூலி,
மணிக்கு நான்கு தினார்.

கேள்வி ஒன்றுதான்.
வேலை செய்த வீட்டைவிட்டு ஓடிய மரியபுஷ்பம் எங்கே?

அவன் நாக்குக்குக் கட்டுப் போட்டது நூருல் பீவி என்று
கேம்ப் முழுக்கப் பேச்சு.
பகலில் ஆஸ்பத்திரித் தரை துடைப்பவள்.
நீல நூல், ஒரு கிராம்பு, மூன்று முடிச்சு.
மனசாரக் கொடுத்தால் அவிழும்,
பிடுங்கினால் உப்பு என்றாளாம்.
நான் நம்பவில்லை. நான் பி.காம்.

முதலில் குங்குமப்பூத் தேநீர்.
பிறகு ஐந்நூறு தினார், ரப்பர் பேண்டு போட்டு.
தேநீரை மட்டும் குடித்தான்.
மேசை இழுப்பறை திறந்தது.
ஓரம் சுருண்ட அவன் பாஸ்போர்ட்.
மூடியது.
பிறகு இக்காமா ரத்து, பிறகு பயணத் தடை,
வேனில் சாமான் திருடியதாக ஒரு வழக்கு.
எல்லாம் நான்தான் சொன்னேன், நல்ல தமிழில்,
'உங்களுக்கு' என்று மரியாதை சேர்த்து.

பதினொன்றே காலுக்கு உடைந்தான்.
இதை மறைக்கமாட்டேன். உடைந்தான்.
"சொல்லிடுறேன் சார்" என்று வாய் திறந்தான்.

உப்பு.
அளத்தில் அள்ளியதுபோல் பழுப்புக் கல்லுப்பு
தாடையில் வழிந்து சட்டைப்பையில் விழுந்தது.
மறுபடி திறந்தான். மறுபடி உப்பு.
"சொல்லத்தானே பாக்குறேன்" என்று அழுதான்,
அது மட்டும் சுத்தமாக வந்தது.

என்ன சொல்கிறான் என்றார் மந்தூப்.
மில்ஹ் என்றேன்.
அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு.

மந்தூப் கெட்டிக்காரர். தாள் ஒன்றை நீட்டினார்:
'எவ்வித வற்புறுத்தலும் இன்றி
என் சொந்த விருப்பத்தின் பேரில்.'
கையெழுத்து, கட்டைவிரல், முத்திரை.
இந்த ஊரில் அந்த வரிக்குக் கீழே
கையெழுத்துப் போடாதவன் யார்?
சம்பளம் பாக்கியில்லை என்று,
பாஸ்போர்ட்டை நானே பத்திரத்துக்குக் கொடுத்தேன் என்று
நானும் போட்டிருக்கிறேன், நீல மையில்.
எந்தக் கவுன்ட்டரும் திருப்பி அனுப்பியதில்லை.

கட்டு திருப்பி அனுப்பியது.
விருப்பம் எது, விருப்பம் என்று எழுதியது எது,
ஒரு கிராம்புக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஃபஹாஹீல் பஸ்ஸில்
பின்சீட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
வேலை போகவில்லை, லாண்டரிக்கு வேறு டிரைவர் அமையவில்லை.
நான் எதுவும் கேட்கவில்லை,
கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது.
இரண்டு சுளை நீட்டினான்.
கூடவே, கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல்,
தெரு, கட்டடம், எத்தனையாவது மாடி,
கதவில் ஒட்டிய மீன் ஸ்டிக்கர்.
உப்பு விழவில்லை.
ஆரஞ்சுத் தோலின் வாசம்தான்.

"அதுக்கு சுகர் மாத்திரை வாங்கிக் குடுக்க
ஆள் வேணும். என் வண்டிய இப்போ நோட்டம் பாக்குறாங்க."
அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது அது என்னிடம்.
நூல் இல்லை, கிராம்பு இல்லை,
ராத்திரியும் ஷட்டர் போடாத கடை என் நாக்கு.
ஞாயிறு ஒன்பது மணிக்கு அதே பின்னறை,
கொம்பையாவை மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள்,
என்னையும், ஊற்றுவதற்கு.
என்னைக் கேட்க யாருக்கும் தோன்றாது.
தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று
குழாயிடம் யார் கேட்பார்கள்?

அதை நம்பித்தான் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன்.
பையில் மாத்திரை அட்டை இரண்டு.
நடுவில் ஒருமுறை
விரலால் நாக்கைத் தொட்டு ருசி பார்த்தேன்.
ஒன்றுமில்லை. வெறும் நாக்கு.